செவிவழி வந்த கோமாளிகள்

வவுனியா நகரிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியில் பூவரசங்குளம் என்னும் ஊர் உள்ளது. குளமும் வயலும் காடும் சூழ்ந்த வன்னிக் கிராமமே அது. எனினும் வீதியோரத்து ஊராதலின், அதன் செவியில் விழுந்த தமிழ் ஒருவகைப்பட்டதன்று. மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் வணிகரின் பேச்சு ஒன்று. உத்தியோகத்தின் பொருட்டும் நிலத்தின் பொருட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரின் பேச்சு மற்றொன்று. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வவுனியா மாவட்டத்தில் குடியேறியோரின் பேச்சு வேறொன்று. இவற்றோடு, மாவட்டத்தின் தென்பகுதிச் சிங்களவர் சந்தையிலே பேசும் தமிழும் உண்டு. இவ்வீதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து செவி கொடுப்பவன் இலங்கைத் தமிழ் முழுவதையும் கேட்டுவிடலாம் என்றால், அது பெரிதும் மிகையாகாது.

நகைச்சுவைக் கலைக்கு இத்தகைய கடையே நல்ல பள்ளிக்கூடம். இதற்குக் கடல் கடந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூயோர்க்கை அடுத்த யோங்கர்ஸ் நகரிலே, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் உணவுக் கடை நடத்தி வந்தது. அங்கு உண்ண வந்த தொழிலாளர் பல நாட்டினர். தத்தம் மொழியிலே உரையாடுவர். கடைக்காரரின் மகன் சிட் சீசர் அம்மொழிகளின் பொருளைக் கற்கவில்லை. ஓசையை மட்டும் கற்றான். பிற்காலத்தில் அவன் பிரெஞ்சுக்காரனைப் போலவும் ஜெர்மானியனைப் போலவும் இத்தாலியனைப் போலவும் பேசுவான். கேட்போருக்கு அது அம்மொழியே என்று தோன்றும். ஆனால் அதிலே பொருளுள்ள சொல் ஏறக்குறைய ஒன்றும் இராது. 1950 பெப்ரவரி முதல் 1954 ஜூன் வரை சனிக்கிழமை இரவுகளில், ஒன்றரை மணி நேரம் நேரடியாக ஒளிபரப்பான 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' என்னும் பல்சுவை நிகழ்ச்சியில் இந்த வித்தை உலகறிந்தது. சிறு சிறு நகைச்சுவைக் காட்சிகளை ஆடல் பாடல்களோடு கோத்து வழங்கும் தொலைக்காட்சி முறைக்கு அந்நிகழ்ச்சி ஒரு முன்மாதிரி.

தமிழ் கூறும் இலங்கையில் இத்தகைய நகைச்சுவை முதலில் வந்தது திரையில் அன்று, வானொலியில். இலங்கையில் தொலைக்காட்சி 1979இலே தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. வானொலியோ 1925 முதல் இருந்தது. ஐம்பதுகளிலேயே தமிழ் நாடகப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த 'சானா' என்னும் சண்முகநாதன், யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை ஒலிவாங்கியின் முன் துணிந்து நிறுத்தினார். 'லண்டன் கந்தையா', இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' முதலிய தொடர்கள் அக்காலத்தவை. ஏட்டுத் தமிழும் இந்தியச் சினிமாத் தமிழும் மட்டுமே நாடகத்துக்கு உரியவை என்றிருந்த எண்ணம் அவற்றால் தளர்ந்தது. இது சிறிய காரியமன்று. தன் வீட்டுப் பேச்சு வானொலிக்கு ஏற்றதே என்று கேட்டறிவது, கேட்பவனுக்கு ஒரு மதிப்பைத் தருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' இம்முயற்சியை யாழ்ப்பாணத்துக்கு வெளியே கொண்டு சென்றது. எஸ். ராம்தாஸ் எழுதிய இத்தொடரில் நான்கு பாத்திரங்கள் முதன்மையானவை. முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்கள வாய்த் தமிழ் பேசும் உபாலி, பிராமணத் தமிழ் பேசும் ஐயர் என்போரே அந்நால்வர். மரிக்காராக ராம்தாஸும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் நடித்தனர்.

இதிலுள்ள நுட்பத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். வானொலியில் வேடமில்லை, முகமில்லை. நால்வர் ஒரே ஒலிவாங்கியைச் சூழ்ந்து பேசும்போது, பேசுபவர் யாரென்று கேட்போன் நொடிப்பொழுதில் அறிதல் வேண்டும். பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தால் உரையாடல் செத்துவிடும். அங்கே வட்டார வழக்கே உடையும் மீசையும் ஆகிறது. 'வாப்பா' என்றும் 'நானா' என்றும் ஒரு சொல் விழுந்தால் ஆள் தெரிந்துவிடுகிறது. 'ஓம், கதைப்பம்' என்றால் மற்றவன். 'அவா வந்தா' என்றால் இன்னொருவன். சிங்களவரின் தமிழ் நகைப்பூட்டுவதற்கோ இலக்கணக் காரணம் உண்டு. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் நான், நீ, அவன், அவள் என்ற வேறுபாட்டை ஏற்பதில்லை. ஆகவே அம்மொழிக்காரர் தமிழுக்கு வரும்போது வந்தேன், வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் ஒன்றோடொன்று கலந்து விடுகின்றன. செவி கூர்ந்த நடிகனுக்கு இது ஒரு புதையல்.

பிறர் பேச்சை நடித்துக் காட்டிச் சிரிப்பது எளிதில் இழிவுபடுத்தலாகிவிடும் என்பதை மறுக்க இயலாது. தமிழ் மேடையிலும் திரையிலும் அத்தகைய இழிவு குறைவன்று. கோமாளிகள் பெரும்பாலும் அதிலிருந்து தப்பியதற்குக் காரணம் பாத்திரப் பங்கீடு என்றே கொள்ளலாம். ஐயராகப் பேசியவர் ஒரு முஸ்லிம். மரிக்காராகப் பேசியவர் முஸ்லிம் அல்லர். உபாலியோ தமிழர். ஒவ்வொருவரும் அயலவனின் நாவைக் கடன் வாங்கியிருந்தனர்; எனவே எவரும் எவரையும் தனியே எள்ளவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் இடறினர், நால்வருமே விழுந்தனர்.

ஆனால் அந்நால்வரில் மலைநாட்டுத் தோட்டத் தமிழர் இல்லை; வன்னியாரும் இல்லை. பூவரசங்குளத்து விவசாயி அயலாரின் பேச்சையெல்லாம் கேட்டு மகிழ்ந்தபோதும், தன் பேச்சை அதிலே கேட்டிருக்க முடியாது. கோவலன் கூத்தும் சிந்துநடையும் வளர்த்த மண்ணுக்குரிய பேச்சு கொழும்பின் ஒலிப்பதிவுக் கூடத்தை எட்டவில்லை. இது ஒரு குறையே.

தொடரின் செல்வாக்கால் 1976இல் அது 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. இயக்கியவர் எஸ். ராமநாதன். குரலால் மட்டும் அறியப்பட்டோர் முகத்தோடு தோன்றியதைக் காண மக்கள் திரண்டனர். 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. தொலைக்காட்சி பரவத் தொடங்கிய வேளையில், இக்கலைஞர் குழுவுக்கு அது இயல்பான அடுத்த படியாக அமைந்திருக்க வேண்டும். நாட்டின் நிலை அதற்கு இடந்தரவில்லை. ரூபவாஹினி தொடங்கி ஓராண்டும் சில மாதங்களும் கழிந்த நிலையில் 1983 ஜூலைக் கலவரம் மூண்டது. கொழும்பிலிருந்த கலைஞர் பலர் நாட்டை நீங்கினர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 70,000க்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். மன்னார் வீதியில் மரிக்காரின் தமிழ் பல ஆண்டுகள் கேட்காமற்போனது. அவ்வீதியே பின்னர்ப் போர்முனையாயிற்று. பிற சமூகத்தவனின் பேச்சைக் கேட்டு மனம் நோகாமல் சிரிப்பதற்கு, அவன் பக்கத்துக் கடையில் இருக்க வேண்டும்.

கலை வேறிடங்களில் உயிர்த்தது. அப்துல் ஹமீத் வானொலியில் வளர்த்த 'பாட்டுக்குப் பாட்டு' தமிழகத் தொலைக்காட்சிக்குச் சென்று பெரும்புகழ் பெற்றது. கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' ஒலிநாடாவாக ஊரூராய்ப் பரவியது. பேருந்து நடத்துநர் சாரதிக்குக் கொடுக்கும் குரலையே தலைப்பாகக் கொண்டு, நெரிசல் மிக்க பேருந்து முழுவதையும் ஒருவரே காட்டும் தனிநடிப்பு அது. மின்சாரமில்லாத வீட்டிலும் மின்கலத்தில் ஓடிய சிறு கருவி அதற்குப் போதுமாயிருந்தது. பின்னர்க் கனடாவுக்குச் சென்ற பாலச்சந்திரன், அங்குத் தமிழ்த் தொலைக்காட்சியில் 'வை. ரி. லிங்கம் ஷோ' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியை வழங்கினார். ஈழத்துப் பேச்சுத் தமிழ் தொலைக்காட்சியின் சிறுகாட்சி நகைச்சுவைக்கு அவ்வாறு ரொறன்ரோ வழியாக வந்து சேர்ந்தது. அவர் அங்கேயே 2014இல் மறைந்தார்.

ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். அவர் நடித்த பாத்திரத்தின் பெயர் அவருடைய பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்த செய்தியை இலங்கைத் தமிழர் தமக்குள் பரிமாறிக்கொண்டபோதும் அவரை மரிக்கார் ராம்தாஸ் என்றே குறித்தனர்.