பைரனீஸ்: பிறர் போட்ட பாதைகள்

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே, மேற்கில் பிஸ்கே விரிகுடாவில் தொடங்கிக் கிழக்கில் மத்தியதரைக் கடலில் இறங்கும் வரையில் சுமார் 430 கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருக்கும் பைரனீஸ் மலைத்தொடரைப் பூகோளப் படத்தில் பார்க்கிறவர்கள், இரண்டு தேசங்களையும் பிரித்து வைப்பதற்கென்றே இயற்கை எழுப்பிய மதில் இது என்று எண்ணிவிடுவது சகஜம். 1659ஆம் வருஷம் பிதாஸோவா நதியின் நடுவிலுள்ள ஒரு சிறு தீவில் இரு ராஜ்யங்களின் மந்திரிகளும் கூடி உடன்படிக்கை செய்துகொண்டபோது அவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார்கள். மலைமுகடுகளையே எல்லையாகக் கொள்வதென்று முடிவு செய்தார்கள். ஆனால் மலையிலேயே பிறந்து மலையிலேயே ஜீவித்தவர்கள், வேனிலில் புல்லைத் தேடி மந்தைகளை மேலே ஓட்டிச் சென்றும், பனிக்காலத்துக்குமுன் கீழே இறக்கிக் கொணர்ந்தும், எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும், சமயம் வாய்த்தபோது சுங்கம் செலுத்தாமல் சரக்குகளைக் கடத்தியும் வாழ்ந்துவந்தார்களேயன்றி, அந்த மதிலை மதிலென்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அதற்குச் சாட்சியாக இன்றும் நிற்பவை, தார்ச்சாலைகள் எட்டாத உயரங்களில் சரளையும் புழுதியுமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் மண்பாதைகள். கோடை பிறந்ததும் ஐரோப்பாவின் நாலா திசைகளிலிருந்தும் மோட்டார் சைக்கிள் பிரயாணிகள் வந்து குழுமுவது இந்தப் பாதைகளைத் தேடித்தான்.

தார்ச்சாலைகளிலும் கீர்த்தி பெற்றவை அங்கே இல்லாமலில்லை. 1910இல் பிரான்ஸின் பிரசித்தமான சைக்கிள் பந்தயம் முதன்முதலாக ஏறிக் கடந்த துர்மாலே கணவாய் 2115 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அண்டோராவிலுள்ள என்வாலிரா கணவாயோ 2408 மீட்டர் உயரத்தில், பைரனீஸ் மலைத்தொடரின் தார்ச்சாலைக் கணவாய்களுக்குள் மிக உயர்ந்தது என்ற பெருமையுடன் விளங்குகிறது. அவற்றின் அழகை ஒருவரும் மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே கார்களும் பஸ்களும் சைக்கிள்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செல்கின்றன. மலையின் உட்புறத்தைக் காண விரும்புகிறவன் எங்கேனும் ஓரிடத்தில் தாரை விட்டு இறங்கியே ஆகவேண்டும். அப்படி இறங்கியவன் மனத்தில் கொள்ளவேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அவன் சக்கரம் பதியும் மண்பாதைகளில் ஒன்றேனும் உல்லாசத்துக்காகப் போட்டதல்ல. ஒவ்வொன்றும் யாரோ சிலருடைய பிழைப்புக்காகவோ, பயத்துக்காகவோ, லாபத்துக்காகவோ, அவர்களுடைய கைப்பாட்டினால் உண்டானது.

வண்டியும் வித்தையும்

இத்தகைய பாதைகளுக்கு எல்லா வண்டிகளும் ஏற்றவையல்ல. வழுவழுப்பான சாலைக்கென்று செய்த வண்டி சரளையைக் கண்டதும் தடுமாறும். மேடுபள்ளங்களில் தாவிக் குதிப்பதற்கென்று செய்த லேசான வண்டியோ, கூடாரத்தையும் துணிமணிகளையும் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓடுவதற்கு இசையாது. இவ்விரண்டு குணங்களையும் ஒன்றாக இணைக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவற்றுள் முக்கியமானது, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1980இல் வெளியிட்ட ஆர்80 ஜி/எஸ். மறு வருஷமே பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் உபேர் ஒரியோல் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வண்டியில் வெற்றி பெற்றதும், ‘அட்வென்ச்சர்’ என்று இன்று வழங்கும் இந்த வண்டி வர்க்கத்துக்கு உலகெங்கும் மதிப்பு உண்டாயிற்று. சென்னைக்கு அருகிலுள்ள ஆலைகளில் உற்பத்தியாகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனும் 2016 முதல் இந்த வர்க்கத்தில் ஓர் அங்கத்தினர். 2023இல் வெளிவந்த அதன் புதிய வடிவம் 452 சி.சி. எஞ்சினும் 40 குதிரைசக்தியும் கொண்டது; எடை 196 கிலோ. ஜெர்மனியின் பெரிய வண்டிகள் 250 கிலோவை நெருங்குகின்றன. சரிவான பாதையில் வண்டி சாய்ந்து விழுந்துவிட்டால் அதைத் தனியொருவனாகத் தூக்கி நிறுத்த வேண்டியவனுக்கு, குதிரைசக்தியில் குறைந்தாலும் எடையில் குறைந்த வண்டியே மேலானதென்று தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வகை வண்டிகளில் பலவற்றின் முன்சக்கரம் 21 அங்குல விட்டமுள்ளதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சிறிய சக்கரம் குழியில் விழுந்து கல்லில் முட்டி நிற்கும் இடத்தில், பெரிய சக்கரம் அதன்மேல் உருண்டு கடந்துவிடுகிறது. டயரின் காற்றைச் சிறிது இறக்கிவிட்டால் ரப்பர் தரையை அதிகம் பற்றும். மிகவும் இறக்கினால் கூரிய கல்லில் பட்டு ரிம் நசுங்கும். கரடுமுரடான இடங்களில் தேர்ந்தவர்கள் சீட்டில் உட்காருவதில்லை. கால்மிதிகளின்மேல் எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்றே மடக்கி, கைகளைத் தளர்த்திப் பிடித்து, வண்டி தன் போக்கில் ஆடிச்செல்ல விட்டுவிடுகிறார்கள். பார்வை முன்சக்கரத்தடியில் பதிந்திருக்கக் கூடாது. வளைவு எங்கே திரும்புகிறதோ அங்கே இருக்கவேண்டும். இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சரளையில் சக்கரம் வழுக்கும். ஆகையால் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை அடக்கும்படி விட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்குகிறார்கள். 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலால், எஞ்சினின் வலிமையும் அதற்கேற்பக் குன்றுகிறது.

மந்தைகள் வகுத்த வழி

மேற்கிலிருந்து புறப்படுகிறவனுக்கு முதலில் எதிர்ப்படுவது பாஸ்க் மக்களின் பசுமையான நாடு. அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேகங்கள் வந்து மோதுவதால் வடசரிவில் மழையும் மூடுபனியும் அதிகம். முகடு தாண்டித் தெற்கே இறங்கினால் காய்ந்த பாறையும் சுள்ளென்ற வெயிலும் எதிர்கொள்ளும். ஒரே முற்பகலில் இரண்டு பருவங்களையும் அனுபவிக்கலாம். இந்த வித்தியாசமே பண்டைக்காலத்தில் மேய்ச்சல்காரர்களை மலைக்கு மேலும் கீழுமாக நடத்தியது. நவார்ராவின் ரொங்கால் பள்ளத்தாக்கிலுள்ள ஆட்டு மந்தைகள் கோடைகாலத்தை மலையில் கழித்துவிட்டு, ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 18இல் தெற்கேயுள்ள பார்தேனாஸ் என்னும் வறண்ட பிரதேசத்துக்குள் பிரவேசிப்பது இன்றும் நடைபெறும் வழக்கம்.

அதே ரொங்கால்காரர்களுக்கும் பிரான்ஸ் பக்கத்திலுள்ள பாரெத்தூ பள்ளத்தாக்கினருக்கும் தண்ணீரையும் புல்லையும் குறித்துத் தலைமுறை தலைமுறையாகச் சச்சரவு இருந்தது. 1375இல் மத்தியஸ்தர்கள் அளித்த தீர்ப்பின்படி, பாரெத்தூ மக்கள் ஆண்டுதோறும் மூன்று பசுக்களை ரொங்கால் மக்களுக்குக் கொடுத்துவரவேண்டும். சாம்ராஜ்யங்கள் மாறின, யுத்தங்கள் வந்து போயின, எல்லைக்கோடு வந்து அமர்ந்தது. அப்படியிருந்தும் ஜூலை 13ஆம் தேதி எல்லைக் கல்லின்மேல் இரு பக்கத்தாரும் கையோடு கை வைத்துச் சமாதானம் சொல்லி, மூன்று பசுக்களைக் கைமாற்றும் சடங்கு இன்றைக்கும் நடந்துவருகிறது. பிறருடைய நிலத்தை உபயோகிக்கிறவன் அதற்கு ஈடாக ஏதேனும் செலுத்தவேண்டும் என்ற தர்மம் இந்தச் சடங்கில் அடங்கியிருக்கிறது.

சுரங்கமும் மின்சாரமும்

அராகானுக்குள் நுழைந்ததும் மலை உயர்கிறது. 3404 மீட்டர் உயரமுள்ள அனெதோ சிகரம் இங்கேதான் இருக்கிறது. சிஸ்தாவ் பள்ளத்தாக்கின் பிளான் கிராமத்திலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரத்திலுள்ள சாவூன் கணவாயின் வழியே பெனாஸ்கே பள்ளத்தாக்குக்கு இறங்கும் மண்பாதையை மோட்டார் சைக்கிள் பிரயாணிகள் ஆசையோடு பேசுவதுண்டு: பைன் காட்டினூடே ஏறி, புல்வெளியில் வெளிப்பட்டு, கணவாயில் நின்று திரும்பிப் பார்த்தால், சுண்ணாம்புக்கல் மலைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஆனால் அராகானின் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் மற்றொரு காட்சியும் உண்டு. ஆரா நதிக்கரையிலுள்ள ஹானோவாஸ் கிராமத்தை அணைக்கட்டு வரப்போகிறதென்று சொல்லி 1960களில் தொடங்கிக் காலி செய்வித்தார்கள். வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அணையோ கடைசிவரையில் கட்டப்படவேயில்லை. வெளியேறியவர்களின் சந்ததியார் இப்போது இடிந்த சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டி வருகிறார்கள். இத்தகைய கிராமங்களுக்குச் செல்லும் வழிகளில் பலவற்றில் மண்ணையும் முள்ளையும் தவிர வேறொன்றையும் காண்பதற்கில்லை.

கட்டலோனியாவில் மலைக்குள் பாதைகள் பெருகியதற்கு மின்சாரம் ஒரு முக்கிய காரணம். பார்ஸெலோனாவின் ஆலைகளுக்கு விசை தேவைப்பட்டபோது, மலையேரிகளின் நீரைக் குழாய்களில் இறக்கி 1914இல் காப்தெல்யா மின்நிலையத்தை இயக்கினார்கள். சிமெண்டும் இரும்பும் ஏரிக்கரைவரை ஏறுவதற்கு வழி வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகு வழி மட்டும் எஞ்சியது. சுரங்கங்களின் கதையும் அப்படித்தான்: அரான் பள்ளத்தாக்கின் உச்சியில் துத்தநாகம் தோண்டிய இடங்களுக்குச் செல்லும் பாதைகள், தாது தீர்ந்து தொழிலாளர் கலைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் புல்லின் நடுவே தெரிகின்றன.

அரான் பள்ளத்தாக்கே விசித்திரமானது. ஸ்பெயினின் ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தும் அது மலையின் வடபுறத்தில் கிடக்கிறது. அதன் மக்கள் பேசுவது ஓக்ஸிதான் மொழியின் ஒரு வகை. 1948இல் வியேல்யா சுரங்கச் சாலை திறக்கப்படும் வரையில், பனிக்காலத்தில் ஸ்பெயினின் மற்றப் பகுதிகளுக்கும் அதற்கும் தொடர்பு அற்றுப்போகும். பெரெத் என்னும் உயர்ந்த புல்வெளியில் ஒன்றுக்கொன்று மிக அருகே இரண்டு நதிகள் பிறக்கின்றன: கரோன் பிரான்ஸினுள் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது, நொகெரா பல்யாரேசாவோ முதலில் வடக்கு நோக்கிச் சென்று, பிறகு வளைந்து தெற்கே திரும்பி, எப்ரோ நதியின் வழியாக மத்தியதரைக் கடலை அடைகிறது. பெரெத்திலிருந்து, குடிகள் வெளியேறிப்போன மொன்கார்ரி கிராமத்தின் கோயிலைத் தாண்டி, இந்த இரண்டாவது நதியின் கரையோடு அலோஸ் கிராமத்துக்கு இறங்கும் மண்பாதையில் செல்கிறவனுக்கு, ஒரு நதி தன் போக்கைத் தானே நிர்ணயித்துக்கொள்வதை அருகிருந்து காணும் பாக்கியம் கிட்டுகிறது.

இரவில் நடந்தவர்கள்

அரானிலிருந்து இன்னும் கிழக்கே சென்றால், அண்டோராவின் எல்லையில் 2302 மீட்டர் உயரத்தில் காபூஸ் கணவாய் இருக்கிறது. அண்டோராவின் தார்ச்சாலை கணவாய்வரையில் வந்து திடீரென்று முடிகிறது. ஸ்பெயின் பக்கம் கல்லும் மண்ணுமான பாதை, பல வளைவுகளில் தோர் என்ற சிறு ஊருக்கு இறங்குகிறது. அவ்வூரின் பதின்மூன்று குடும்பங்கள் 1896இல் சங்கம் அமைத்து, மலை முழுவதையும் தங்கள் பொதுச் சொத்தாக்கிக்கொண்டன. அது யாருக்கு என்ற வழக்கு பின்னர் பல்லாண்டுகள் நீடித்துக் கொலைகளிலும் முடிந்தது. அண்டோராவில் மலிவாகக் கிடைத்த புகையிலையை முதுகில் சுமந்து, இரவில் எல்லை தாண்டியவர்கள் நடந்த வழி இது.

இப்படிப்பட்ட இரவுவழிகள் சரித்திரத்திலும் இடம் பெற்றன. 1939இன் தொடக்கத்தில் ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற குடியரசுத் தரப்பினர் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கடுங்குளிரில் பிரான்ஸுக்குள் அகதிகளாகச் சென்றார்கள். ஓராண்டுக்குப் பின் ஓட்டத்தின் திசை மாறியது: இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்து தப்ப முயன்ற யூதர்களும், விமானம் வீழ்ந்து பிழைத்த நேச நாட்டு வீரர்களும் தெற்கு நோக்கி வந்தார்கள். வழிகாட்டியவர்களில் இடையர்களும் கடத்தல்காரர்களும் இருந்தார்கள். அந்த யுத்தத்தின் இறுதியில், படையெடுப்பு நேருமோ என்று அஞ்சிய ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசாங்கம் எல்லை நெடுகிலும் ஆயிரக்கணக்கான கான்கிரீட் பதுங்கறைகளைக் கட்டியது. அவை உபயோகப்படாமலே போயின. அவற்றை அடையப் போட்ட பாதைகளில் சில இப்போது பிரயாணிகளுக்கு உபயோகப்படுகின்றன.

செலுத்தவேண்டிய கடன்

இவ்வளவு பேருடைய உழைப்பை இலவசமாக அனுபவிக்கிறவனிடம் சட்டம் சில நிபந்தனைகளை விதிப்பது நியாயமே. பிரான்ஸில் 1991 ஜனவரி 3ஆம் தேதிய சட்டப்படி, பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த வழிகளை விட்டு மோட்டார் வாகனம் விலகலாகாது. கட்டலோனியாவின் 1995ஆம் வருஷத்துச் சட்டமும் அதன் விதிகளும் மண்பாதைகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் அனுமதிப்பதில்லை. ஸ்பெயினில் 1918இல் ஏற்பட்ட ஓர்தேஸா தேசியப் பூங்காவிலும், பிரான்ஸில் 1967இல் ஏற்பட்ட பைரனீஸ் பூங்காவிலும் நடந்து செல்கிறவர்களுக்கே ராஜமரியாதை. உயர்ந்த கணவாய்களில் ஜூன்வரையில் பனி கிடப்பதுண்டு. கோடைப் பிற்பகல்களில் இடி மின்னலுடன் புயல் எழுவதும் வழக்கம். ஆதலால் விடியலில் புறப்பட்டு, நண்பகலுக்குமுன் முகட்டைக் கடந்துவிடுவது அனுபவசாலிகள் கையாளும் முறை.

சட்டத்தில் எழுதாத கடமைகளும் இருக்கின்றன. பாதையின் குறுக்கே மாடுகளுக்காகக் கட்டிய படல் மூடியிருந்தால், திறந்து கடந்தபின் மூடிவிட்டே செல்லவேண்டும். 1996 முதல் ஸ்லொவேனியாவிலிருந்து கரடிகளைக் கொணர்ந்து விட்டபின், மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்களை இடையர்கள் முன்னைவிட அதிகமாக வளர்க்கிறார்கள். அவை குரைத்துக்கொண்டு வந்தால் வேகத்தைக் கூட்டித் தப்ப எண்ணாமல், எஞ்சினை நிறுத்தி, மந்தை விலகும்வரை காத்திருப்பதே உத்தமம். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் நகரத்து அங்காடியில் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வராமல், பள்ளத்தாக்குக் கிராமத்தின் கடையில் வாங்குகிறவன், அவ்வூரில் கடை ஒன்று நிலைத்திருப்பதற்குத் தன்னாலானதைச் செய்கிறான். பாரெத்தூவினர் மூன்று பசுக்களைக் கொடுத்துத் தீர்த்த கடனை இக்காலத்துப் பிரயாணி தீர்க்கும் வழி இதுவே.

மலைப்பாதைக்கு உயிர், அதன்மேல் யாரேனும் நடமாடிக்கொண்டிருப்பதில்தான் இருக்கிறது. சுரங்கங்கள் மூடப்பட்டன, இடையர்கள் குறைந்துவருகிறார்கள், ஒருவரும் நடவாத வழியைச் சில வருஷங்களில் காடு வந்து மூடிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிள் பிரயாணிகளைக் கிராமத்தார் நல்ல விருந்தினராக ஏற்றுக்கொண்டால், பழைய பாதைகளுக்கு ஒரு புதிய பிரயோஜனம் ஏற்பட்டு அவை நிலைத்திருக்கும். புழுதியும் சத்தமும் பொறுக்கமாட்டாமல் வெறுத்துவிட்டால், ஒவ்வொரு கணவாயின் அடிவாரத்திலும் சங்கிலியும் தடைப் பலகையும் தோன்றும். இவ்விரண்டில் எது நேரும் என்பது பெரும்பாலும் ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருக்கும் வலது கையைப் பொறுத்தது.