தீவகக் கிணறும் மாணவர் ஆராய்ச்சியும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் பெருநகரங்களும், விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த ஆய்வுகூடங்களுமே பலர் மனத்தில் தோன்றும். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளிற் பயிலும் மாணாக்கர்க்கு அதில் இடமில்லை என்று எண்ணுவாரும் உளர். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தல் நன்று.

பாடசாலை மாணவர்க்கான ஆராய்ச்சிப் போட்டிகள் புதியன அல்ல. அமெரிக்க நாட்டில் 1942ஆம் ஆண்டில் விஞ்ஞானத் திறன் தேர்வு தொடங்கிற்று. 1950இல் பிலடெல்பியா நகரில் நடந்த தேசிய விஞ்ஞானக் கண்காட்சி, பின்னர்ப் பல நாட்டு மாணவரும் பங்குபற்றும் சர்வதேசக் கண்காட்சியாக வளர்ந்தது. இலங்கையிலும் தேசிய விஞ்ஞான மன்றம் மாணவரின் ஆய்வுத்திட்டங்களுக்குப் போட்டி நடத்தியுள்ளது.

வினாவிடைப் போட்டிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வினாவிடைப் போட்டியில் விடை நடுவரின் கையில் இருக்கும். ஆராய்ச்சிப் போட்டியிலோ வினாவையே மாணவர் தேடிக் காணல் வேண்டும். விடையை நடுவரும் முன்னறியார்.

தீவகத்தில் அத்தகைய வினாவுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஆறு கிடையாது. வாடைக்காற்றோடு வரும் மாரிமழையே நீருக்கு ஆதாரம். அந்நீர் நிலத்தினுள் இறங்கி, தன்னினும் கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. இவ்வுண்மையை ஒல்லாந்தரான கைபென் என்பவர் 1888ஆம் ஆண்டளவிலும், ஜெர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901இலும் விளக்கினர். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே கனம் மிகுந்தது. ஆகவே, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கலாம். அளவின்றி இறைத்து அந்த ஓரடியைக் குறைத்தால், கீழிருந்து உவர்நீர் மேலெழும். கிணறு ஒருமுறை சவராகிவிட்டால், அது தெளிவதற்குப் பல மாரிகள் செல்லக்கூடும்.

நெடுந்தீவு மாணவி ஒருத்தி, கடற்கரையிலிருந்து வெவ்வேறு தூரத்திலுள்ள ஐந்து கிணறுகளைத் தெரிந்தெடுக்கிறாள் என்று கொள்வோம். மாதந்தோறும் நீர்மட்டத்தை ஒரு கயிற்றினால் அளக்கலாம். ஒரு லீற்றர் நீரை வற்றவைத்து, எஞ்சும் உப்பை நிறுக்கலாம். கடல்நீராயின் ஏறத்தாழ 35 கிராம் எஞ்சும். கிணற்றுநீரில் எவ்வளவு என்பதே அவளுடைய வினா. ஓராண்டில் 60 அளவைகள் சேரும். அவற்றைக் கொண்டு, எக்கிணற்றில் எக்காலத்தில் உவர் ஏறுகிறது என்பதை ஊரார்க்கு எடுத்துக்காட்டலாம். இதற்கு வேண்டியவை தராசும், அடுப்பும், பொறுமையுமே.

ஆனால் இரண்டு இடையூறுகள் உள. ஒன்று, பரிசை விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரின் வேலையைத் தாமே செய்துவிடுதல். எதிர்பார்த்த எண் வராதபோது அதனை மாற்றாது எழுதுவதே ஆராய்ச்சியின் முதற்பாடம். பிறர் செய்துகொடுத்தால் அப்பாடம் கிட்டாது. மற்றையது கடல். நயினாதீவு மாணவரும் நெடுந்தீவு மாணவரும் குறிகட்டுவான் துறைக்குப் படகிலேயே வரவேண்டும். காற்று மிகுந்தால் அப்பயணம் அரிதாகும். நடுவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் தீவுகளுக்குச் சென்று மாணவரைக் காண்பார்களாயின், பல நல்ல ஆய்வுகள் வெளிச்சம் பெறும்.

பரிசு ஒருவர்க்கே கிடைக்கும். கிணற்றின் குணத்தை அறிந்த பிள்ளைகளோ ஊர் முழுமைக்கும் பயன்படுவர். தண்ணீருக்காகக் குடத்துடன் நெடுந்தூரம் நடக்கும் மக்கள் வாழும் ஊரில் அப்பயன் சிறிதன்று.