முதலில் வந்தால் ‘ஏ’யா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குள் மொட்டைச் சேஸிஸாக ஒரு வண்டி வரும். அதன்மேல் கேபின், பிறகு லோடு பாடி, பிறகு பெயின்ட், கடைசியில் ஆர்டிஓ போய் டிஎன் 28 என்று ஓர் எண். இந்த வரிசையை யாரும் மாற்ற முடியாது. கேபினே இல்லாமல் எதற்குப் பெயின்ட் அடிப்பது? ஆனால் ஒரே நாளில் மூன்று சேஸிஸ் வந்தால் எது முதலில் நிற்கும் என்பதற்கு விதி கிடையாது. டிரைவர் எங்கே டீ குடிக்க இறங்கினார் என்பதைப் பொறுத்தது அது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் கருவிகளைக் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் இடத்தில் வரிசை கறாராக இருக்கும். மற்ற இடங்களில் முந்தியவருக்கு முதலிடம். இரண்டாவது வகை வரிசையை நாம் பெயராக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

லினக்ஸ் கெர்னலில் தொடக்க வேலைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடிப்படைப் பகுதிகள் முதலில், கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்கள் கிட்டத்தட்டக் கடைசியில். ஒரே படியில் இருப்பவற்றுள், கெர்னலைத் தொகுத்தபோது எது முன்னால் கோக்கப்பட்டதோ அது முன்னால் ஓடும். பிசிஐ பாதையைத் தட்டிப் பார்த்தால்தான் டிஸ்க் கன்ட்ரோலர் தெரியும். கன்ட்ரோலர் எழுந்தால்தான் அதன் பின்னால் இருக்கும் டிஸ்க் தெரியும். சில டிரைவர்களுக்கு வேண்டிய மின்சீராக்கி அந்நேரம் தயாராக இருக்காது. அப்போது டிரைவர் ‘அப்புறம் கூப்பிடு’ என்று திரும்பிவிடும். வேறொரு டிரைவர் வேலையைத் தொடங்கியதும் கெர்னல் இதை மறுபடி கூப்பிடும். 2012இல் வந்த 3.4 பதிப்பில் சேர்ந்த ஏற்பாடு இது. சார்பு வரிசையைக் கெர்னல் இவ்வளவு பாடுபட்டுக் காக்கிறது.

ஆனால் சமமான இரண்டு டிஸ்க்குகளில் எது முந்தும் என்பதற்கு அது வாக்குக் கொடுப்பதில்லை. முதலில் பதிவானது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, அவ்வளவுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்பில் எஸ்டிஏ என்றால் ஹார்ட் டிஸ்க் என்று மனத்தில் பதிவது இயல்பு. அதே ஆள் இரண்டு டிஸ்க்கும் ஒரு பென் டிரைவும் மாட்டிய கம்ப்யூட்டரில் எஸ்டிஏவை அழி என்று கட்டளை கொடுத்தால் எது அழியும் என்று சொல்ல முடியாது.

“அந்தக் காலத்தில் மாறாமல்தானே இருந்தது?” என்று பழைய கைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐடிஇ கேபிள் காலத்தில் எச்டிஏ என்பது முதல் கேபிளின் மாஸ்டர், எச்டிபி அதன் ஸ்லேவ். இடமே பெயராக இருந்தது. இரண்டு கேபிள், நான்கு டிஸ்க் என்ற சின்ன வீட்டில் அது சாத்தியம். யுஎஸ்பியில் நினைத்தபோது மாட்டிக் கழற்றும் இன்று அது நடக்காது. சுழன்று எழச் சில விநாடி எடுக்கும் டிஸ்க்குக்காக எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால், கம்ப்யூட்டர் எழுவதும் தாமதமாகும். நெட்வொர்க் கார்டுகளுக்கும் இதே தலைவலி இருந்ததால்தான், 2013இல், லினக்ஸில் கெர்னலுக்கு அடுத்த தொடக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி அவற்றைச் செருகிய இடத்தை வைத்துப் பெயரிடத் தொடங்கியது.

டிஸ்க்குக்கு யுயுஐடி இருக்கிறது. பார்ட்டிஷனில் உள்ள கோப்பு முறையோடு சேர்த்து எழுதப்படும் 36 எழுத்து அடையாளம். இதை யார் நினைவில் வைப்பது என்பார்கள். லாரியின் 17 எழுத்துச் சேஸிஸ் நம்பரை எந்த ஓனர் மனப்பாடம் செய்தார்? ஆர்சி புக்கில் இருந்தால் போதும். இங்கே அந்த ஆர்சி புக், எதை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு. கனமான ஆட்சேபம் வேறு: டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுத்தால் யுயுஐடியும் நகலாகும், இரண்டு லாரியில் ஒரே சேஸிஸ் நம்பர் அடித்ததுபோல. ஆகவே கம்ப்யூட்டர் லேப் வைத்திருப்பவர்களே, நகல் டிஸ்க்கை மூல டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டும்முன் அதற்குப் புது யுயுஐடி கொடுத்துவிடுங்கள்.