பெண் வாசனையால் ஏமாறும் ஆண் பூச்சி!
ஆப்பிள் தோட்டத்தில் அதிசயப் பொறி

ஆப்பிளின் மேலே பளபளப்பு. நறுக்கினால் உள்ளே புழு!

இது ஓர் அந்துப்பூச்சியின் வேலை. அது காயின் மீதும் இலையின் மீதும் முட்டையிடும். வெளிவரும் புழு காயைத் துளைத்து, விதை வரை போய்விடும். பிறகு மருந்து தெளித்தும் பயன் இல்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் ஆப்பிளுக்குப் பெயர் போனது. முன்பு அங்கே ஈயமும் பாஷாணமும் சேர்ந்த மருந்தைத் தெளித்தார்கள். அந்த விஷம் பழைய தோட்டங்களின் மண்ணில் இன்னும் இருக்கிறது!

இப்போது வேறு தந்திரம்.

வாசனைத் தூது

பெண் பூச்சி ஒருவித வாசனையை விட்டு ஆணை அழைக்கும். அது என்ன பொருள் என்பதை 1971-ல் அமெரிக்க விஞ்ஞானி ரோலாப்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். இன்று அதைச் செயற்கையாகவே செய்கிறார்கள்.

அதை ரப்பர் துண்டில் ஏற்றி, பசை தடவிய அட்டைக் கூட்டுக்குள் வைத்து, மரத்தில் தொங்க விடுகிறார்கள். ஜோடி தேடி வரும் ஆண் பூச்சி பசையில் ஒட்டிக்கொள்ளும்!

பொறி மட்டும் போதாது. தப்பிய ஓர் ஆண் பல பெண்களுடன் சேர்ந்துவிடும். ஆனால் சிக்கிய பூச்சிகளை எண்ணினால், மருந்து தெளிக்க வேண்டிய நாள் தெரியும். வீண் மருந்து மிச்சம்.

திண்டாட்டம்

1990-களில் இன்னொரு முறை பரவியது. தோட்டம் முழுவதும் அதே வாசனையைப் பரப்பினார்கள். பெண் எங்கே என்று தெரியாமல் ஆண் திண்டாடும்.

ஜோடி சேராவிட்டால் முட்டை ஏது? புழு ஏது?