சாரல் ஊரில் ஆவாரை

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருப்பதால், ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் இந்த ஊரையும் தொட்டுச் செல்லும். சாரல் ஊர்தானே, எதை வைத்தாலும் வளரும் என்று வெளியூரிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் சாரல் இலையைத்தான் நனைக்கும். மண்ணுக்குள் ஆழமாக ஈரம் இறங்குவது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். பங்குனி, சித்திரையில் வெயில் காயும். அதே நேரத்தில் பள்ளிக்கும் விடுமுறை. தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது தோட்டத்தில் பாதிச் செடி கருகிக் கிடப்பது நமக்குப் புதிதல்ல.

இந்த இடைவெளியைத் தாங்குவது ஆவாரை. தரிசிலும் சாலையோரத்திலும் தானாக வளரும் செடி என்பதாலோ என்னவோ, வீட்டு முற்றத்தில் அதற்கு இடம் கொடுக்க நாம் தயங்குகிறோம். கொங்குப் பகுதியில் பொங்கலுக்கு முன் காப்புக் கட்ட இந்தப் பூ வேண்டும். தெலங்கானாவின் மாநில மலரும் இதுதான். தோல் பதனிட இதன் பட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நாற்றாகப் பிடுங்கி நடுவதைவிட விதையை நேரடியாக ஊன்றுவதே நல்லது. ஆணிவேர் விரைவாகக் கீழே இறங்கும். அது அறுபட்டால் செடி தேறுவது கடினம். வறட்சியைத் தாங்கும் பலமே அந்த வேரில்தான் இருக்கிறது. பழுத்துக் காய்ந்த தட்டைக் காயிலிருந்து விதையை எடுங்கள். விதையின் தோல் கெட்டியானது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்க்கலாம். அல்லது கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிடலாம். தேய்த்த விதை பத்து, தேய்க்காத விதை பத்து என இரண்டு கோப்பைகளில் போட்டு வைத்தால், விதை உறக்கம் பற்றிய பாடம் அங்கேயே நடந்துவிடும்.

ஐப்பசி மழை தொடங்கும்போது, நல்ல வெயில் படும் இடத்தில், மூன்றடி இடைவெளியில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. முளைத்த பின் மழை தவறினால் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். வேரூன்றிய செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் அன்புதான் ஆபத்து, வேர் அழுகிவிடும். ஆடு மாடு பொதுவாக மேயாததால் வேலி இல்லாத பள்ளிக்கும் பொருந்தும்.

வகுப்புக்கு இதில் நிறைய இருக்கிறது. இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற இலையடிச் செதில்களைக் காட்டுங்கள்; ‘ஆரிகுலேட்டா’ என்ற தாவரவியல் பெயர் அந்தக் காதைக் குறிப்பதே. பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியே, பெரிய கருந்தேனீக்கள் உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும். ரீங்காரம் மாறுவதைப் பிள்ளைகளே கேட்கலாம். இன்னொன்று: பயறு குடும்பம் என்றாலே வேரில் முடிச்சு என்று சொல்லிவிடுகிறோம். ஆவாரை சேர்ந்திருக்கும் சென்னா பேரினத்துக்கு அது பொருந்தாது. ஒரு பயற்றஞ்செடியின் வேரைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இலையைக் கடிக்கும் பச்சைப் புழுக்களைக் கண்டு மருந்து அடிக்க வேண்டாம். சில நாளில் அவை வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்துவிடும். செடி மறுபடி தழைக்கும். காய்த்து ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்துவிட்டு, அடுத்த ஆண்டு வகுப்புக்கு ஒரு கைப்பிடி விதையை எடுத்து வையுங்கள்.