தேவையற்ற அறுவைச் சிகிச்சை: கட்டணம் யார் தலையில்?

புது தில்லி: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் உள்ள காந்தலூரிலிருந்து கீழிறங்கும் சாலை மறையூரில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மூணாறுக்கும், அதன் வழியே கோட்டயம், எர்ணாகுளம் ஆகிய நகரங்களுக்கும் செல்கிறது. மற்றொன்று சின்னாறு வன விலங்கு சரணாலயத்தின் வழியே தமிழகத்தின் உடுமலைப்பேட்டைக்கும், அங்கிருந்து கோவைக்கும் செல்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழும் இந்த மலைக் கிராமத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கேனும் பெரிய அறுவைச் சிகிச்சை தேவை என்று கூறப்பட்டால், இவ்விரு சாலைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எந்தச் சாலையில் சென்றாலும் தனியார் மருத்துவமனையில் நீட்டப்படும் ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோதான் இருக்கும். விளைச்சல் விற்ற பணமும் நகைக் கடனும் பில்லுக்குப் போய்விடும். அவ்வளவும் முடிந்த பிறகு, நோயே தவறாகக் கணிக்கப்பட்டது, அறுவைச் சிகிச்சை தேவையே இல்லை என்று தெரியவந்தால், அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் யார்?

"கட்டிய பணம் போனதுதான்" என்றே பெரும்பாலான குடும்பங்கள் கருதி ஒதுங்கிவிடுகின்றன. ஆனால், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் வேறு விதமாகக் கூறுகின்றன. மருத்துவமனையின் பில், இறுதித் தீர்ப்பு அல்ல என்பதே அவற்றின் சாரம்.

தில்லியில் தொடங்கிய வழக்கு

இப்பிரச்னையில் வழிகாட்டியாக விளங்கும் வழக்கு தலைநகரிலேயே தொடங்கியது. 1995 மே மாதத்தில், 44 வயதான திருமணமாகாத பெண் ஒருவர் நீடித்த மாதவிடாய் உதிரப்போக்குக்காக தில்லியில் பெண் மருத்துவர் ஒருவரிடம் சென்றார். நோயைக் கண்டறிவதற்காக வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு அவர் ஒப்புதல் அளித்தார். அவர் மயக்க நிலையில் இருந்தபோது, வெளியே காத்திருந்த வயதான தாயாரிடம் கையெழுத்து பெறப்பட்டது. மயக்கம் தெளிந்தபோது அப்பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தன.

பில் தொகையைச் செலுத்தாமல் அவர் வெளியேறினார். ரூ. 39,325 தர வேண்டும் என்று மருத்துவர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிலுக்கு அப்பெண், ரூ. 25 லட்சம் இழப்பீடு கோரி 1996 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தை நாடினார். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து, 2003 நவம்பரில் ஆணையம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது.

சமீரா கோலி வழக்கு என்று சட்டத் துறையினரால் குறிப்பிடப்படும் இந்த வழக்கில், நீதிபதிகள் பி.என். அகர்வால், பி.பி. நவ்லேகர், ஆர்.வி. ரவீந்திரன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2008 ஜனவரி 16-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கு அளித்த ஒப்புதல், உறுப்பை அகற்றுவதற்கான ஒப்புதல் ஆகாது என்றும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் சுய முடிவெடுக்கும் தகுதியுள்ள நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்றும் நீதிபதிகள் தெளிவுபடுத்தினர்.

கட்டணம் குறித்த உத்தரவுதான் இங்கு முக்கியமானது. அந்த அறுவைச் சிகிச்சைக்கான முழுக் கட்டணத்தையும் பெற மருத்துவருக்கு உரிமையில்லை என்று நீதிமன்றம் கூறியது. தொகை ஏற்கெனவே வசூலிக்கப்பட்டிருந்தால், 10 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றும், அதற்கு மேல் இழப்பீடாக ரூ. 25,000, வழக்குச் செலவாக ரூ. 5,000 வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

மருத்துவர் நோயாளியின் நலன் கருதியே செயல்பட்டார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதால் இழப்பீடு குறைவாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படியிருந்தும், கட்டணம் முழுவதும் மறுக்கப்பட்டது. நல்ல எண்ணம் இருந்தது என்பதற்காக பில் செல்லுபடியாகிவிடாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பொருள்.

மலேரியாவா, டைஃபாய்டா?

தவறான நோய்க் கணிப்பு குறித்த மற்றொரு முக்கியத் தீர்ப்பு 2010 மார்ச் 8-ஆம் தேதி வெளியானது. மலேரியா துறையில் பணியாற்றிய அலுவலர் ஒருவர், குளிர் காய்ச்சலால் அவதிப்பட்ட தனது மனைவியை 2002 ஜூலையில் ஹைதராபாதின் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார். அங்கு டைஃபாய்டுக்கான சிகிச்சை அளிக்கப்பட்டது. நிலைமை மோசமாகி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அப்பெண் உயிரிழந்தார். அவரைத் தாக்கியது மலேரியா எனத் தெரியவந்தது.

கட்டணத்தில் ரூ. 10,000-ஐத் திருப்பித் தரவும், ரூ. 2 லட்சம் இழப்பீடு வழங்கவும் மாவட்ட நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. நிபுணர் சாட்சியம் இல்லை என்று கூறி மாநில ஆணையம் அதை ரத்து செய்தது; தேசிய ஆணையமும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமோ, எல்லா வழக்குகளிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை, தவறு வெளிப்படையாகத் தெரியும்போது அதுவே போதும் என்று கூறி மாவட்ட மன்றத்தின் உத்தரவை மீட்டது. பெரிய மருத்துவர்களை சாட்சிக் கூண்டில் ஏற்ற வசதியில்லாத எளிய மக்களுக்கு இது முக்கியமான தீர்ப்பு.

எல்லாத் தவறும் அலட்சியம் அல்ல

அதே நேரத்தில், நோய்க் கணிப்பு பொய்த்துப்போன ஒவ்வொரு நிகழ்விலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நியாயமான திறமையும் கவனமும் கொண்ட ஒரு மருத்துவர் அதே சூழ்நிலையில் அதே முடிவுக்கு வந்திருக்கக் கூடுமானால், அது அலட்சியம் ஆகாது என்பதே நீதிமன்றங்கள் பின்பற்றும் அளவுகோல். மருத்துவர் மீது குற்ற வழக்கு தொடர வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

எனவே, காவல் நிலையத்தைவிட நுகர்வோர் ஆணையமே கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான நேரடி வழி. செய்ய வேண்டிய பரிசோதனை செய்யப்பட்டதா, முடிவு வரும் வரை காத்திருந்தார்களா, மாற்றுச் சிகிச்சை குறித்து நோயாளியிடம் கூறினார்களா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் அமைகின்றன.

சொந்த மாவட்டத்திலேயே வழக்கு

மாநில எல்லையில் வாழ்வோருக்கு நீண்ட காலமாக இருந்துவந்த தடை ஒன்று இப்போது நீங்கியுள்ளது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பு இயங்கும் இடத்திலோ, சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். கோவையில் சிகிச்சை பெற்ற காந்தலூர்க்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கி கோவைக்குச் செல்ல வேண்டியிருந்தது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடர அனுமதிக்கிறது. அதாவது, சிகிச்சை எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் இடுக்கி மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய கட்டணம் ரூ. 50 லட்சம் வரையிலான புகார்களை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ரூ. 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. காணொலி மூலம் விசாரணை கோரவும் சட்டத்தில் இடமுண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சட்ட சேவைகள் ஆணையங்களின் மூலம் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. ஆனால், இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்தாக வேண்டும்.

இலவச சிகிச்சையில் சிக்கல்

அரசு மருத்துவமனைகளின் நிலை வேறு. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதே, அனைவருக்கும் முற்றிலும் இலவசமாக அளிக்கப்படும் சிகிச்சைக்கு விலக்கு அளித்தது.

2019-இல் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில், தனியார் ஆய்வகத்தின் அறிக்கையை நம்பி, புற்றுநோய் இல்லாத பெண் ஒருவருக்கு கீமோதெரபி அளிக்கப்பட்டது. அரசு ஆய்வகத்தின் முடிவு வருவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிட்டது. கேரள சட்டப்பேரவை வரை எதிரொலித்த அந்த விவகாரத்தில், மாநில அரசு ரூ. 3 லட்சம் உதவித்தொகை அறிவித்தது. இலவச சிகிச்சையில் தவறு நேர்ந்தால் நிவாரணம் அரசின் முடிவையோ, சிவில் நீதிமன்றத்தையோ சார்ந்தே இருக்கிறது என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

இன்சூரன்ஸ் பணமும் கருப்பை அகற்றமும்

தேவையற்ற அறுவைச் சிகிச்சை தனி மனிதரின் துரதிருஷ்டம் மட்டுமல்ல என்பதை மற்றொரு வழக்கு வெளிப்படுத்தியது. ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் அரசு காப்பீட்டுத் திட்டப் பணத்துக்காக ஏழைப் பெண்களின் கருப்பை தேவையின்றி அகற்றப்படுகிறது என்று, டாக்டர் நரேந்திர குப்தா 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி அளிக்கப்பட்ட தீர்ப்பில், மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என்றும், தவறிழைக்கும் மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் நீதிபதிகள் உத்தரவிட்டனர்.

இங்கு பில்லைச் செலுத்தியது அரசு. ஆனால், உடலால் விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். 2021-22-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்டது. காப்பீடு விரிவடைந்து இந்த விகிதம் குறைவது வரவேற்கத்தக்கதே. ஆனால், கண்காணிப்பு இல்லாத காப்பீடு புதிய சந்தையாகிவிடும் அபாயமும் உண்டு.

காகிதமே ஆயுதம்

நுகர்வோர் ஆணையத்தில் கண்ணீரைவிடக் காகிதத்துக்கே மதிப்பு அதிகம். நோயாளியோ அவரது சார்பில் உரிய நபரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களை வழங்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவற்றைப் பாதுகாக்கும் கடமை உண்டு என்பதால் தாமதிக்கக் கூடாது.

ஒப்புதல் படிவத்தின் நகல், ஸ்கேன் மற்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான பில் ஆகியவை அவசியம். இவற்றுள் பலரும் கேட்கத் தவறுவது, அகற்றப்பட்ட உறுப்பின் பயாப்ஸி அறிக்கை. அறுவைச் சிகிச்சைக்கு முன் சொல்லப்பட்ட நோய் உண்மையில் இருந்ததா என்பதற்கு மிக வலுவான சாட்சி அதுவே. அதன் கண்ணாடிச் சில்லுகளைப் பெற்று வேறொரு மருத்துவமனையில் மறு ஆய்வு செய்து கருத்து பெறவும் முடியும்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும் என்கிறது; பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. ஆனால், அதனளவில் அது சட்டம் அல்ல. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய பரிந்துரை.

கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம், கட்டண விவரங்களை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனைகள் எதிர்த்த இச்சட்டத்தை அம்மாநில உயர் நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த தேவிகுளம் வட்டாரத்தில் அந்தப் பலகையிலும் ஒப்புதல் படிவத்திலும் தமிழும் இடம்பெற வேண்டும் என்று கோருவது, சலுகை கேட்பது ஆகாது. புரியாத மொழியில் பெற்ற கையெழுத்தை எப்படி ஒப்புதல் என்று சொல்ல முடியும்?

நிலைத்து நின்ற உரிமை

நுகர்வோர் சட்டத்திலிருந்து விலக்குப் பெற மருத்துவர் அமைப்புகள் தொடர்ந்து முயன்று வந்துள்ளன. 2019-ஆம் ஆண்டு சட்டத்தில் மருத்துவ சேவை என்ற சொல் இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் நிராகரித்தது. வழக்குரைஞர்கள் இச்சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அல்ல என்று 2024 மே மாதம் தீர்ப்பளித்த அமர்வு, 1995-ஆம் ஆண்டு தீர்ப்பையும் மறு ஆய்வு செய்யலாம் என்று கருத்துத் தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்குத் தேவையில்லை என்று கூறிவிட்டது.

உரிமை நிலைத்திருக்கிறது. ஆனால், வேகம் இல்லை. மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தில்லிப் பெண்ணுக்கோ இறுதித் தீர்ப்பு கிடைக்க 12 ஆண்டுகள் ஆயின. மாவட்ட ஆணையங்களில் காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்புவதும், அரசு மருத்துவமனைகளின் தவறுகளுக்கு நிவாரணம் வழங்க நிரந்தர ஏற்பாடு செய்வதும் மாநில அரசுகளின் கடமை. அதுவரை, மறையூரில் பிரியும் சாலையில் நோயாளியுடன் புறப்படும் குடும்பம், நகைக் கடன் ரசீதோடு மருத்துவமனையின் ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.