டேபிள் டென்னிஸ் ஆடுகிறீர்களா? முதலில் காலைக் கவனியுங்கள்!

"ஆடுறது கையால. காலுக்கு எதைப் போட்டா என்ன?"

டேபிள் டென்னிஸ் விளையாடுகிறவர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். ரப்பர் எந்தக் கம்பெனி, பிடி வளைந்ததா நேரானதா என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். காலுக்கு மட்டும் வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு ஷூ. அதுவும் இல்லாவிட்டால், காலையில் வாக்கிங் போகிற ஷூ.

'சித்த மருத்துவருக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். கரியாலூரில் என்னிடம் வருகிறவர்களில் கால் வலிக்காரர்கள் அதிகம். மலை ஏறி இறங்கி உழைக்கிறவர்களின் வலி ஒரு வகை. கள்ளக்குறிச்சி பக்கமிருந்து வருகிற உத்தியோகஸ்தர்கள், மாணவர்கள் சொல்லும் வலி வேறு வகை. தைலம் கொடுத்தால் வலி குறையும். மறுபடி அதே ஷூவை மாட்டிக்கொண்டு ஆடப் போனால் மறுபடி வலி வரும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் எந்த வைத்தியமும் நிலைக்காது.

கை அடிக்கிறது, கால் ஓடுகிறது

டேபிள் டென்னிஸ் மேசையின் நீளம் 2.74 மீட்டர். அகலம் 1.525 மீட்டர். 'இவ்வளவுதானே, இதில் என்ன ஓட்டம்?' என்று தோன்றும். ஆனால் பந்து மேசையைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் நீங்கள் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போய், நின்று, இடுப்பைத் திருப்பி அடித்து, திரும்பவும் நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

இந்த ஓட்டம் நேராக முன்னால் போகிற ஓட்டம் அல்ல, பக்கவாட்டு ஓட்டம். ஓடுவதைவிட 'டக்'கென்று நிற்பதும், நின்ற காலிலேயே உந்தி எதிர்ப்பக்கம் பாய்வதும்தான் அதிகம். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் கனத்தைப் பாதத்தின் முன்பகுதியில் தாங்கியபடி ஆட வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இத்தனையும் ஒவ்வொரு பந்துக்கும் வேலை செய்கின்றன.

வாக்கிங் ஷூ ஏன் கூடாது?

ஓட்டத்துக்கும் நடைக்கும் செய்யப்படும் ஷூக்கள் நேராக முன்னோக்கிப் போவதற்கென்றே செய்யப்படுபவை. குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க, அடியில் தடிமனான மெத்தை இருக்கும். பெரும்பாலும் குதிப்பக்கம் உயரமாகவும், விரல் பக்கம் தாழ்வாகவும் இருக்கும்.

இதைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்து நின்றால் என்ன ஆகும்? கட்டில் மெத்தையின் நடுவில் நின்றால் சமாளித்துவிடலாம். ஓரத்தில் நின்றால் மெத்தை ஒரு பக்கமாக அமுங்கி ஆளைச் சாய்த்துவிடும் இல்லையா? அதே கதைதான். ஷூவின் வெளிப்பக்க மெத்தை அமுங்க, பாதம் உள்பக்கமாக மடங்குகிறது. குதி உயரமாக இருப்பதால் மடங்கும் வேகமும் கூடுகிறது. கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் இழுபட்டு, சில சமயம் கிழிந்தும்விடுகிறது. கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை இந்த வெளிப்பக்கச் சுளுக்குதான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கால் வீங்கி என்னிடம் வந்தார். மாடிப்படியில் தவறிவிட்டாரோ என்று நினைத்தேன். "இல்லீங்க டாக்டர், பேரனோட டேபிள் டென்னிஸ் ஆடினேன். அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி அனுப்பின ஷூங்க. பஞ்சு மாதிரி இருக்கும்!" என்றார். அந்தப் பஞ்சுதான் காலை வாரிவிட்டது. நடப்பதற்கு அது அருமையான ஷூ. இந்த ஆட்டத்துக்கு ஆகாது, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படிப்பட்ட ஷூ?

அடிப்பாகம் மெல்லியதாகவும், தரையோடு ஒட்டியதாகவும் இருக்க வேண்டும். குதி உயரம் கூடாது. பாதத்தின் முன்பகுதி நன்றாக வளைய வேண்டும். பக்கவாட்டில் பாதம் வழுக்கி வெளியே போகாதபடி ஓரங்கள் உறுதியாகப் பிடிக்க வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். அடியில் தரையைப் பிடிக்கும் ரப்பர் வேண்டும்.

பட்டர்ஃபிளை, மிசுனோ, ஆசிக்ஸ் போன்ற கம்பெனிகள் இந்த ஆட்டத்துக்கென்றே ஷூ தயாரிக்கின்றன. நம் ஊர்க் கடையில் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். பேட்மின்டன் ஷூ நல்ல மாற்று. அதுவும் பக்கவாட்டுப் பாய்ச்சலுக்காகச் செய்யப்பட்டதுதான். டென்னிஸ் ஷூ வெளி மைதானத்துக்கானது, கனம் அதிகம்.

கடைக்காரர் 'நான்-மார்க்கிங் சார்' என்று சொன்னதும் வாங்கிவிடாதீர்கள். தரையில் கறை படியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். காலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

1. சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்து பாதம் சற்று உப்பியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் பிடிக்கும். நீங்கள் ஆடுவதும் பெரும்பாலும் மாலையில்தானே? ஆடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள்.

2. வீட்டிலேயே ஒரு காகிதத்தின் மேல் நின்று, இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவி அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். பாதம் அட்டையைவிட அகலமாக இருந்தால் அந்த ஷூ வேண்டாம். சிறு வயதிலிருந்து வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாக இருக்கும். கல்வராயன் மலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். இவர்கள் குறுகிய ஷூவுக்குள் காலைத் திணித்தால் கால் ஆணியும் சுண்டுவிரல் வலியும்தான் மிச்சம்.

3. இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரிய காலுக்கு வாங்குங்கள். எழுந்து நின்றபடி பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அதைக் கவனியுங்கள்.

4. ஷூவைக் கையில் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடங்கினால் பாத வளைவுக்குத் தாங்கல் இல்லை என்று பொருள்.

5. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். லேசாக முறுக வேண்டும். துணிபோலவே முறுகினால் வேண்டாம்.

6. குதிகாலின் பின்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே குழிந்து விழக்கூடாது.

7. இரண்டு ஷூவையும் போட்டு, நாடா கட்டி, கடையிலேயே பக்கவாட்டில் ஐந்து முறை தாவிப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்! குதிகால் உள்ளே தூக்கினாலோ, பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தாலோ வேறு ஜோடி கேளுங்கள். 'போடப் போட லூஸாயிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். முதல் நாளே பொருந்துவதுதான் உங்கள் ஷூ.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது

'வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிடுங்க' என்று வீட்டில் சொல்வார்கள். சட்டைக்கு அது சரி. ஷூவுக்குச் சரியில்லை. பெரிய ஷூவுக்குள் பாதம் அங்குமிங்கும் ஓடும். பிள்ளை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே ஆடும். தடுக்கி விழும். விலை உயர்ந்த ஷூவைப் பெரிதாக வாங்குவதைவிட, விலை குறைந்ததைச் சரியான அளவில் வாங்குவது மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள்.

அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பதும் நல்லதல்ல. அண்ணனின் காலுக்கேற்ப அது தேய்ந்து சாய்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, அரை மணி நேரம் ஆடிப் பழகுகிற பிள்ளைக்குப் போதும். தினமும் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

சென்னையைச் சேர்ந்த அசந்தா சரத் கமல், 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 16 வருஷம் கழித்து, 2022-ல் பர்மிங்காமில், 40 வயதில் மறுபடியும் அதே தங்கம். ஐந்து ஒலிம்பிக்கில் ஆடிவிட்டு 2025-ல்தான் ஓய்வு பெற்றார். முறையான பயிற்சி இருந்தால் இந்த ஆட்டத்துக்கு வயது தடையில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் நாம் பத்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒருநாள் மட்டையைத் தூக்குகிறோம்! வயது ஏற ஏறக் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோகும். மிக மெல்லிய அடி கொண்ட ஷூ வாங்கினால், உள்ளே நல்ல இன்சோல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூ கடிப்பது தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் போய், விரலையே இழக்க நேரிடலாம். புது ஷூவை முதலில் கால் மணி நேரம் மட்டும் போடுங்கள். போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கழற்றியதும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்புத் தடம் இருந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது.

தரையும் பராமரிப்பும்

நம் ஊர்களில் சிமென்ட் தரையில்தான் பெரும்பாலும் ஆடுகிறோம். தூசி படிந்தால் எந்த ஷூவும் வழுக்கும். ஆடுமுன் தரையைப் பெருக்குங்கள். ஈரத்துணி ஒன்றை ஓரமாக வைத்து, அவ்வப்போது ஷூவின் அடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிப் பிடிக்கிற ரப்பரும் ஆபத்துதான். உடம்பு திரும்பும்போது பாதம் தரையிலேயே ஒட்டிக்கொண்டால் முழங்கால் திருகிக்கொள்ளும்.

இந்த ஷூவை ஆட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நடந்தால் அடிரப்பர் வீணாகும். நனைந்தால் வெயிலில் போடாதீர்கள், பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் மலையில் இதுதான் வழி. ஈர ஷூவால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால், கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா சூரணத்தைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். அடிப்பள்ளங்கள் வழவழப்பானாலோ, ஷூவை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கால் பிசகிவிட்டால்?

உடனே எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று யார் வந்தாலும் காலை இழுக்க விடாதீர்கள். முதல் இரண்டு நாள் சூடும் வேண்டாம், நீவலும் வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்து, வீக்கம் வடிந்த பிறகு, நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுக்கலாம். தைலமெல்லாம் அதற்கப்புறம்தான்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்கிறதா? அது குதிகால் வாதமாக இருக்கலாம். சில வாரம் ஓய்வு கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, ஷூவையும் காட்டுங்கள். ஆமாம், ஷூவையும்தான்! அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்த முறை புது மட்டை வாங்கக் கை பரபரத்தால், ஒரு நிமிஷம் குனிந்து காலைப் பாருங்கள். பழைய மட்டையோடு பத்து வருஷம் ஆடிவிடலாம். பிசகிப்போன காலோடு பத்து நாள்கூட ஆட முடியாது.